ரெக்கார்டு நோட்டில் என் கையெழுத்து

இன்று மதியம் ஒரு தாளை அச்செடுக்க பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

முன்னால் உட்கார்ந்து கல்லூரி விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தவள், என்னிடம் பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த, கடலோர ஊரான ஆலந்தலைப் பெண். என்னைக் கவனிக்கவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, இமெயில்ல வர்ற ‘அட்’ எங்கன இருக்கு?”

கடைக்காரர் சிரித்தார். “ஏளா, நீ கம்ப்யூட்டர் குரூப்புன்னுல்லா சொன்னே?”

“ஆமா அண்ணாச்சி. எல்லாம் ரெக்கார்டு நோட்டுலதான் செஞ்சோம். அவுட்புட்டக்கூட பென்சில்ல வரைஞ்சோம்.”

அந்த அவுட்புட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டவள் நான். உப்புக்காற்றில் மெஷின் கெட்டுவிடும் என்று லேபைப் பூட்டியே வைத்திருந்தோம்.

அச்செடுக்காமலே திரும்பிவிட்டேன்.

உங்கள் பள்ளியில் லேப் சாவி யாரிடம் இருந்தது? எங்கள் பள்ளியில் என்னிடம்தான்.