கூலியாளை அனுப்பிவிட்டுப் போன நாள்

சோளக்காட்டுச் சந்தைக்கு மெளகு விக்கப் போனால் நான் வாயைத் திறக்க மாட்டேன். வியாபாரி சொன்னதுதான் விலை. இதைப் பார்த்துப் பார்த்து எரிச்சலான என் மகள், நாமக்கல் பக்கம் ஒரு காலேஜில் பொம்பளைங்களுக்கு வியாபாரப் படிப்பு இருக்கு, அஞ்சாவது படிச்சிருந்தா போதும், வயசு கணக்கில்லைன்னு சொல்லி போனிலேயே விண்ணப்பம் போட்டுவிட்டாள். வேண்டாம் வேண்டாம் என்றேனே தவிர, உள்ளுக்குள்ளே எனக்கும் ஆசைதான்.

நேர்காணலுக்கு வரச் சொன்ன அன்றைக்குத்தான் பக்கத்துக் காட்டுக்காரி சாமை அறுக்க இருந்தாள். எங்களுக்குள் மாத்து வேலை. தையில் என் மெளகு பறிக்க அவள் வருவாள், அவள் சாமை அறுக்க நான் போவேன். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே அப்படித்தான். இதில் கூலிப் பேச்சே கிடையாது.

அவளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பாதி தூரம் போனேன். இந்த வயசில் படிக்கப் போறேன்னு எப்படிச் சொல்றது, சிரிப்பாளேன்னு வெக்கம் வந்து திரும்பிவிட்டேன். மகளிடம் சொன்னதற்கு, "ஒரு ஆளுக்குக் கூலி குடுத்து அனுப்பிருங்கம்மா, வேலை நடந்தாச் செரி"ன்னாள். அது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினேன்.

காலேஜில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "பேத்திய எங்க விட்டுட்டு வந்தீங்க பாட்டி?" என்று கேட்டார்.

"பேத்திக்கில்லீங்க. எனக்குத்தானுங்க."

"படிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"வியாபாரிகிட்ட வெலை கேக்கோணுமுங்க."

"இத்தனை நாளா ஏன் கேக்கலை?"

"வெக்கமுங்க."

"இப்ப வெக்கம் போயிருச்சா?"

"எங்கீங்க போச்சு? அதையும் கூட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே எங்கள் மலைப்பக்கம் வானம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர்கள் கேட்டது எதுவும் காதில் ஏறவில்லை. திரும்பி வரும்போது பஸ் கொண்டை ஊசி வளைவு ஏற ஏற மழை கண்ணாடியில் அறைந்தது.

விடிந்ததும் அருவாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அறுத்துப் போட்ட சாமை நனைந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. மீதி அறுக்காமலே சாய்ந்து கிடந்தது. அவள் ஒத்தையாகக் கதிரைத் தூக்கி உதறிக்கொண்டிருந்தாள்.

"ஆளு வரலையா புள்ள?"

"வந்துது. சோறு போட்டு அனுப்பிட்டேன். எங்காட்டுக்குக் கூலியாளு எதுக்கு?"

நான் குனிந்து ஒரு கத்தைச் சாமையைத் தூக்கினேன். "கீழ வெய்யி அக்கா"ன்னாள். வெச்சுவிட்டேன்.

"படிக்கப் போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அறுப்பத் தள்ளி வெச்சிருக்க மாட்டனா? நானே உன்னக் கூட்டிட்டுப் போயி பஸ் ஏத்தி உட்டிருப்பனே. அந்த ஆளு சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா?"

அவள் சிரிக்கவே இல்லை. நான் எதற்குப் பயந்தேனோ அது அவளிடம் இல்லவே இல்லை.

இடம் கிடைத்துவிட்டதாகப் போன் வந்தபோது, இந்தத் தடவையாவது என்று முதலில் அவளிடம்தான் போய்ச் சொன்னேன். முறத்தில் கறுத்துப்போன சாமையைப் பொறுக்கிக்கொண்டிருந்தவள், "நல்லாப் படி. தையில மெளகுக்கு மட்டும் என்னை எதிர்பாக்காத அக்கா. ஆளு வெச்சுக்கோ" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

இப்போது படிக்கப் போய் வந்துகொண்டிருக்கிறேன். மெளகு பழுத்தாச்சு. கூலிக்கு ஆள் சொல்ல மகள் நச்சரிக்கிறாள்; எனக்கு வாய் வரவில்லை. வகுப்பில்லாத நாளில் கைக்கு எட்டுகிற வரை நானே பறிக்கிறேன். மேலே இருப்பது குருவிக்குப் போகிறது.