சித்தப்பா திருப்பி எடுத்துக்கொண்ட கிரகம்

வேற்றுக் கிரகங்களுக்குப் பெயர் வைக்க நம் ஆட்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை என்பார் சித்தப்பா. எங்கள் வகுப்பு இடாப்பில் பெயர் கூப்பிடுவதைக் கேட்டால் அவர் சொன்னது சரியென்றுதான் தோன்றும். டிலுக்‌ஷன், ஜெனோஷியா, நிரோமிகா, கெவிஷான். அம்மாவின் பெயரில் பாதி, அப்பாவின் பெயரில் பாதி, நடுவில் ஒரு ‘ஷ’ வைத்துத் தைத்த பெயர்கள். எந்த அகராதியிலும் பொருள் கிடைக்காது. எதைத் தூக்கி வானத்தில் விட்டாலும் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கண்டிக்குப் பக்கத்தில், பல்லேகலையில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் பகுதியில் வேலை. சித்திக்கும் அங்கேதான், தையல் மெஷினில். திகனவில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையில் இருவரும் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்றின் சிறுவர் பக்கத்தில் சித்தப்பாவின் விண்வெளித் தொடர்கதை வந்துகொண்டிருந்த காலம் அது. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அடுத்த வாரக் கதையை எனக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவார். அதனால் பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த மவுசு கொஞ்ச நஞ்சமல்ல.

கெட்டவர்களுக்குப் பெயர் தேடி அவர் ஒருநாளும் மண்டையை உடைத்துக்கொண்டதில்லை. தொழிற்சாலையில் அந்த வாரம் எது உயிரை வாங்கியதோ அது வில்லனாகிவிடும். அண்டத்தையே நடுங்க வைத்த கொடுங்கோலனின் பெயர் ஓவர்லொக், துணி ஓரம் அடிக்கும் மெஷினின் பெயர். அவனுடைய படைகள், நூல் சுற்றும் பொபினிலிருந்து வந்த பொபினர்கள். உருண்டையாக இருப்பார்கள், சொல்பேச்சுக் கேட்கமாட்டார்கள், அவசர நேரம் பார்த்துக் காலை வாருவார்கள். சூப்பர்வைசரின் பட்டப்பெயர்கூட ஒரு விண்கல்லுக்குப் போனது. மெஷின்காரப் பெண்கள் அதை வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சூப்பர்வைசருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாததால் சித்தப்பா பிழைத்தார்.

நல்ல கிரகங்களுக்கு மட்டும் அவர் பெயர் வைப்பதில்லை. அது சித்தியின் வேலை. சித்தி தேங்காய் துருவிக்கொண்டே விசாரிப்பார். அங்கே குளிருமா, தண்ணீர் இருக்கிறதா, ஓடி விளையாட இடம் இருக்கிறதா. பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிடுவார். சில நாள் கழித்து உடுப்புக் காயப்போடும்போது ஒரு பெயரைச் சொல்வார். சவீனா, ஜெரோன், டிலோமி எல்லாம் அப்படி வந்த கிரகங்கள்தாம்.

நான் கவனித்துவைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. சித்தி திடீரென்று வேலைக்குப் போகாமல் அறையிலேயே படுத்திருப்பார். அம்மா கோழிச்சாறு வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் கதையில் ஒரு புதுக் கிரகம் வரும். படுத்துக்கொண்டு யோசித்தால்தான் நல்ல பெயர் கிடைக்கும் போலிருக்கிறது என்று நானாக முடிவுகட்டினேன். கட்டுரைக்குத் தலைப்பு வரவில்லை என்று ஒருநாள் நானும் படுத்துப் பார்த்தேன். எனக்குக் கோழிச்சாறு வரவில்லை, விளக்குமாறுதான் வந்தது.

அந்தக் கிரகங்களில் எனக்கு ஒரே ஒரு குறை. அங்கே சண்டையே நடக்காது. பொபினர் படை எத்தனை முறை கிளம்பினாலும் வழி தெரியாமல் திரும்பிவிடும். ஒருவரும் சாகமாட்டார்கள். கதை படுத்துவிடுகிற இடம் அதுதான் என்று சித்தப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பக்கத்தைப் புரட்டுவார்.

லியானி மட்டும் வேறு மாதிரி வந்தது. சித்தி நன்றாக நடமாடிக்கொண்டிருந்த நாளில், கண்டியிலிருந்து பஸ்ஸில் வரும்போது, யாரும் கேட்காமலே அவராகச் சொன்ன பெயர் அது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் காலையில் நிற்குமே, அந்த மாதிரி நீலப் பனிமூட்டம் லியானியில் நாள் முழுக்க நிற்கும். இரண்டு நிலா வேறு. சித்தப்பா என்னை அதற்கு ஆளுநராக நியமித்தார்.

ஆளுநரானால் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே வகுப்பில் காணி பகிர்ந்துகொடுத்தேன், ஆளுக்குப் பத்துப் பேர்ச் நிலம். தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் ரோட்டுப் பக்கமாகக் கேட்டார்கள். தெல்தெனியக்காரி ஒருத்தி தண்ணீர்ப் பக்கம் வேண்டவே வேண்டாம், மேட்டில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளுடைய தாத்தாவின் வீடு நீர்த்தேக்கத்துக்குள் போயிருந்தது. அவளுக்கு ஒரு குன்றையே கொடுத்தேன்.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வாசித்த கதையில் லியானி இல்லை.

“லியானி எங்க சித்தப்பா?”

“இனி கதையில வராது. திருப்பி எடுத்துக்கிட்டோம்.”

“ஏன்?”

“சித்தி வேணாங்குறா. அந்த மத்தக் கிரகங்களோட இது ஒன்னா இருக்கக்கூடாதாம்.”

இதென்ன நியாயம்? திங்கட்கிழமை வகுப்பில் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன்? குன்றுக்காரிக்கு என்ன சொல்வேன்? பகல் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. லியானி என்னுடையது, யாருக்கும் தரமாட்டேன் என்று அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கத்தினேன். அம்மா சோற்றுக் கையாலேயே என் வாயைப் பொத்தினார். சித்தி இடது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வயிற்றுவலி என்று நினைத்தேன்.

“அந்தப் பேர இனி வாயில எடுக்காத. வெளியிலயும் சொல்லிக்கிட்டுத் திரியாத,” என்றார் அம்மா.

சித்தப்பா என்னைத் திட்டவில்லை. அடுத்த கிரகத்துக்கு நானே பெயர் வைக்கலாம் என்று சமாதானம் பேசினார். நான் ஆத்திரத்தில் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். அதில் தேங்காய்ச் சம்போல் இருந்தது. சம்போலியா என்றேன். அடுத்த வாரமே அச்சில் வந்துவிட்டது. சிவப்பு மண், காரமான காற்று, குடிமக்கள் எல்லோருக்கும் எந்நேரமும் கண்ணில் தண்ணீர். சித்தி சிரித்த சிரிப்பில் சித்தப்பா பயந்துபோய், மெல்லச் சிரிக்கச் சொன்னார். காணிக்காரர்கள் அத்தனை பேரையும் சம்போலியாவுக்கு மாற்றினேன். அங்கேயும் மேடு இருந்ததால் தெல்தெனியக்காரி ஒன்றும் சொல்லவில்லை.

சில மாதங்கள் கழித்து அம்மா என்னைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பஸ்ஸில்தான் விஷயத்தைச் சொன்னார். சித்திக்குப் பெண் குழந்தை. பிள்ளை பிறக்கும் முன்னால் பெயரைச் சொல்லக்கூடாது, துணி வாங்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால்தான் அன்று வாயைப் பொத்தினாராம்.

சித்தப்பா துணியை விலக்கி முகத்தைக் காட்டினார். “இதுதான் லியானி. ஆளுநர் இன்னமும் நீதான். பாத்துக்க.”

கிரகத்தைப் பறித்து இந்தச் சிவப்புக் குட்டிக்குக் கொடுத்துவிட்டார்களே என்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அது என் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று அவள் என்னைவிட உயரம். எனக்கு அக்கா பதவியைத் தவிர வேறெந்தப் பதவியையும் அவள் ஒப்புக்கொண்டதில்லை.

அன்று ஆஸ்பத்திரியிலேயே எனக்கு ஒரு யோசனை உதித்தது. லியானி வந்துவிட்டாள் என்றால் மற்றவர்களும் வரவேண்டுமல்லவா? கட்டிலைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“அப்ப சவீனா, ஜெரோன், டிலோமி எல்லாரும் எப்ப வருவாங்க?”

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சித்தப்பா ஏற்கெனவே சரியாக இருந்த துணியை மறுபடியும் சரிசெய்தார். சித்திதான் பதில் சொன்னார்.

“அவங்க அங்கயே இருக்கட்டும். அங்க நல்லாத்தான் இருக்காங்க.”

“நல்லா இருக்காங்கதான். ஆனா ஒரு சண்டையாவது வைக்கச் சொல்லுங்க சித்தி. அங்க யாருமே சாக மாட்டேங்குறாங்க.”

சித்தி என்னை இழுத்து நெற்றியில் முத்தமிட்டார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார். வைக்கமாட்டேன் என்று அவர் தலையாட்டினார். தொடர் முடியும்வரை வைக்கவும் இல்லை. பாவம், மனிதருக்குக் கதை எழுத வராது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.