அம்மா சீட்டுக்கு அடியில் ஓர் ஆம்ப்ளிபயர்

சூடேறிய இரும்பும் தூசியும் ஏலக்காயும் கலந்த ஒரு வாசம் எங்கள் ஜீப்பின் முன்சீட்டுக்கு அடியிலிருந்து வரும்; சூரியநெல்லி மலைக்குளிரில் விறைத்த காலை அந்தப் பக்கம் நீட்டினால் அடுப்பங்கரை போல இதமாக இருக்கும். அங்கேதான் அப்பாவின் ஆம்ப்ளிபயர் குடியிருந்தது. வளைகுடாவிலிருந்து யாரோ கொண்டுவந்து, கைமாறிக் கைமாறி, போடியில் ஒரு பழைய சாமான் கடையில் அப்பா கண்ணில் பட்ட கறுப்புப் பெட்டி அது. முதுகெல்லாம் வரிவரியாக அலுமினியத் தகடு, என்னால் தூக்கவே முடியாத கனம். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் "ட்ரிப் ஜீப்"புக்கு இவ்வளவு பெரிய ஆம்ப்ளிபயர் எதற்கு என்று ஊரே சிரித்தது. தாளம் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கி எரியும். "ஏலே சவரி, ஆள ஏத்துறியா, எங்க உசுர எடுக்குறியா?" என்று பின்சீட்டிலிருந்து பெண்கள் அப்பாவைக் கத்துவார்கள்.

காரணம் அம்மா. என்னைப் பெற்ற பிறகு வந்த காய்ச்சலில் அவளுக்குக் காது போயிற்று. கோயிலில் முன்வரிசையில் நின்று பாடியவள், அதன்பின் பாட்டு என்றாலே எழுந்து போய்விடுவாளாம். ஒரு கல்யாண வீட்டில் பெரிய ஸ்பீக்கர்மேல் தற்செயலாகச் சாய்ந்தவள், "ஏங்க, நெஞ்சுக்குள்ள பாட்டு கேக்குது!" என்றாள். அவ்வளவுதான், அப்பாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சின்னச் செட்டில் பாட்டு வரும், சீட்டு அதிராது. அதனால்தான் இந்தப் பூதமும், சீட்டுக்கு அடியிலேயே அதோடு இணைத்த பெரிய ஸ்பீக்கரும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகையில் அம்மா முன்சீட்டில் கண்ணை மூடித் தலையாட்டுவாள். அப்பா அவள் தோளைத் தட்டி, கேட்கிறதா என்று கையால் கேட்பார். "கேக்குது, கேக்குது, நீங்க ரோட்டப் பாருங்க" என்பாள்.

அந்தப் பெட்டிக்கு நடந்த உபசாரம் வீட்டில் வேறு யாருக்கும் நடந்ததில்லை. ஒயர் முனைகளில் பச்சை பூத்தால் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். அடைமழையில் கழற்றி வந்து, சாக்கில் சுற்றி அடுப்போரம் வைப்பார். "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் போத்திவிட்டிருப்பாரா?" என்று அம்மா சிரிப்பாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

ஒரு ஆடி மாதம் ஈரம் உள்ளே இறங்கி, பாட்டுக்குப் பதிலாகக் கரகரப்புதான் வந்தது. அப்பா அதை ஏலக்காய் உலர்த்தும் "ஸ்டோர்"க்குத் தூக்கிப்போனார். "ஏலக்காயே காயுது, இது காயாதா?" என்று அங்கே வேலை பார்த்த சிநேகிதரிடம் கேட்டு, தட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தார். அன்று அடுக்கியதெல்லாம் கழுவிய பச்சைக்காய். சூடு ஏறியதும் முதலில் காய்தான் வேர்க்கும், அறை முழுக்க ஆவி நிற்கும். இது மலையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், ஆசையில் இருந்த அப்பாவுக்கு மட்டும் தோன்றவில்லை. விடிந்து எடுக்கும்போது பெட்டிக்குள் தண்ணீர் கோத்திருந்தது. பூசைக்கு நேரமாகிவிட்டதென்று மேலே மட்டும் துடைத்து மாட்டினார். புகைந்தது. "பாட்டுப் போடலையா?" என்று அம்மா கேட்டபோது அப்பா முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

போடி மெக்கானிக் எதையெதையோ மாற்றிக் கொடுத்தார். அப்பா ஜீப்பை முற்றத்தில் நிறுத்தி, அம்மாவை ஏற்றி, கேசட்டைப் போட்டார். அவளும் கண்ணை மூடித் தலையாட்டினாள். பாட்டு முடிந்தது. அம்மா தலை நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் உதறலுக்கு ஆடிக்கொண்டே இருந்தாள். அப்பாவும் பார்த்துவிட்டார். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து உருட்டுகிற மனுஷன், அன்று அவள் தானாகக் கண் திறக்கும்வரை சாவியைத் தொடவில்லை.

"நல்லாருக்குங்க" என்றாள்.

அதற்குப் பிறகு கேட்கிறதா என்று அப்பா கேட்டதே இல்லை. தன் மனம் நோகக்கூடாதென்றுதான் இத்தனை நாள் தலையாட்டினாளோ என்ற சந்தேகம் அவரை அரித்திருக்க வேண்டும். ஆனாலும் பல் பிரஷ்ஷையும் சாக்கையும் விடவில்லை. அவர்மேல் எனக்கு அன்பு பொங்குவது அதை நினைக்கும்போதுதான்.

அந்த ஜீப் இப்போது இல்லை, அம்மாவும் இல்லை. ஆம்ப்ளிபயர் என்னிடம் இருக்கிறது. உள்ளே நைந்த பாகங்களை மாற்றி, போன மாதம் என் காரின் முன்சீட்டுக்கு அடியில் ஸ்பீக்கரோடு மாட்டினேன். அப்பாவுக்கும் இப்போது காது மந்தம், நான் பேசுவதில் பாதி அவருக்கு எட்டுவதில்லை. பூப்பாறை போகும் வழியில் பாட்டைப் போட்டதும், முன்சீட்டில் இருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"எஞ்சின அமத்து பாப்பா" என்றார்.

ஓரமாக நிறுத்தி அணைத்தேன். பாட்டு மட்டும் ஓடியது. அப்பா இரண்டு உள்ளங்கையையும் சீட்டில் பதித்து வெகுநேரம் அசையாமல் இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"உங்கம்மா சும்மா சொல்லல பாப்பா" என்றார். "அவளுக்குக் கேட்டிருக்கு."