தரையிலிருந்து எழும் வேலை

மாலை நாலு மணிக்கு ஐயாதுரை வேட்டியை மடித்துக் கட்டி, நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதைப் பிடித்தபடியே தரையில் இறங்கி மல்லாந்து படுத்துக்கொள்வார். பிறகு எழ முயல்வார். ராஜபாளையத்து நூல் மில்லில் முப்பத்து நாலு வருஷம் மெஷின் பிட்டராக இருந்தவருக்கு எழுபத்திரண்டு வயதில் வாய்த்த வேலை இது. மெஷினைக் கழற்றுவதுபோல் எழுவதையும் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்தார்: புரளல், முழங்கை, முட்டி, நாற்காலி.

"ரிங் பிரேம் மெஷினுக்கு அடியில கெடந்துதான்ல ஒன்னைய வளத்தேன். அங்க எவன் வந்து தூக்கிவிட்டான்?" என்று மகனிடம் கத்துவார்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் தை மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பில் கீறல்கூட இல்லை என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர். ஆனால் எழ முடியாமல், தாழ்ப்பாள் போட்ட கதவுக்குள், ஈரத்தில் ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். அவர் பயந்தது அந்த ஒரு மணி நேரத்துக்கு. வீட்டாரோ அவருடைய கால்களுக்குப் பயந்தார்கள். மகன் தாழ்ப்பாளையே கழற்றிவிட்டான். அவர் குளிக்கும்போது மனைவி பரிபூரணம் திறந்த கதவருகே காவல் நின்றாள். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை "பாத்து, பாத்து" என்ற குரல்தான். கேட்கக் கேட்கச் சமதரையிலும் அவர் கால் தயங்கியது. மம்சாபுரத்துச் சம்பந்தி வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. கோபம் மட்டும் தடுமாறாமல் நடமாடியது.

தாழ்ப்பாளைக் கேட்டு அவர் போட்ட கத்தல் தாங்காமல் மகன் இறங்கி வந்தான். "தரையில இருந்து ஒத்தையில எந்திரிச்சுக் காட்டுங்கப்பா. அன்னைக்கே தாழ்ப்பாளை மாட்டுதேன்."

போன வாரம் ஒரு நாள். புரண்டு, முழங்கை ஊன்றி, ஒரு முட்டியும் போட்டாயிற்று. பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டு சேக் முகைதீன் அதைப் பார்த்துப் பதறிப் பாய்ந்து, அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

"எப்படி அண்ணாச்சி விழுந்திய?"

"யாரு விழுந்தா? எந்திரிச்சுக்கிட்டிருந்த மனுசனைத் தூக்கிட்டீரே ஓய்!"

வேலை முடிந்து உள்ளே நுழைந்த மகன் கண்டது, அப்பாவை இன்னும் விடாமல் தாங்கியிருந்த சேக் முகைதீனின் கைகளைத்தான்.

"நாந்தான் சொன்னேம்லா. தாழ்ப்பாள் பேச்சு இனிமே வேண்டாம்."

பரிபூரணம் சொம்பில் தண்ணீர் நீட்டினாள். ஐயாதுரை வாங்கவில்லை.

"எல்லாரும் ரெண்டு எட்டு தள்ளி நில்லுங்க. எவன் கை நீண்டாலும் கடிச்சிருவேன்."

நாற்காலியின் கையைப் பிடித்து, முட்டிகளை ஒவ்வொன்றாக மடக்கி, மூவரின் கால்களுக்கும் நடுவே மறுபடியும் தரையில் இறங்கி, மல்லாந்து படுத்தார்.