லில்லி மேடம் விழவேண்டும் என்று ஜெபித்தேன்

சபையின் வெள்ளிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளே, ஏசி ரிப்பேர் செய்கிற உங்கள் ஏசி அங்கிள் எழுதுகிறேன். அடுத்த மாதம் நான் குவைத்தின் இந்த ஃபஹாஹீலை விட்டு அபுதாபிக்குப் போகிறேன். போகுமுன் ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்லிவிட வேண்டும். இதில் நான் நல்லவன் இல்லை. ஒரு பெண்ணின் அழிவைக் கேட்டு ஜெபித்தவன் நான். ஒரு நாள் இல்லை, தினமும் கேட்டேன்.

என் மனைவி செல்வராணி ஆன்ட்டியை உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு மருத்துவமனையில் கேன்சர் வார்டில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தாள். ஒருநாள் ஒரு பெங்காலித் தொழிலாளிக்கு வாந்தி நிற்கவில்லை. என்ன மருந்து கொடுக்க வேண்டும் என்று இவளுக்குத் தெரியும். ஆனால் எழுதிக் கொடுக்க உரிமை இல்லை. டாக்டர் வரும்வரை நான்கு மணி நேரம் வாந்திக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று வீட்டுக்கு வந்து, நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கப் போகிறேன் என்றாள். நோயாளியைத் தானே பரிசோதித்து, மருந்து எழுதி, சிகிச்சையைக் கவனிக்கும் அளவுக்கு மேலே படித்த நர்ஸின் வேலை அது. அபுதாபியில் கேன்சர் பிரிவில் அதைப் படிக்க இடமும் கிடைத்தது. ஒன்பது வருஷ வேலைக்கு ஒரு சான்றுக் கடிதம் மட்டும் வேண்டும். நர்ஸ்களின் தலைவி லில்லி மேடம் கையெழுத்துப் போட வேண்டும்.

மேடம் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். கடிதத்தை வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "ஊசி போடத் தெரிஞ்சா டாக்டர் ஆயிரலாம்னு நெனப்போ? போய் பெட்ஷீட்டை மாத்து," என்றார். எல்லா நர்ஸ்களும் நிற்கும்போது சொன்னார்.

நான் நேரில் போய்க் கெஞ்சினேன். டியூட்டி உடுப்போடு போனேன், கையில் டூல்ஸ் பை. அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ரிப்பேருக்கு வர்றவங்க பின்வாசல் வழியா வரணும்," என்றார். செல்வராணியின் புருஷன் என்று சொன்னேன். "அப்ப வரவே வேண்டாம்," என்றார்.

பிள்ளைகளே, அன்று எனக்குள் ஏதோ எரிந்தது. சங்கீதங்களில் பகைவரை நொறுக்கும்படி கேட்கிற பகுதிகளை மட்டும் தேடித் தேடி வாசித்தேன். அவருடைய நாற்காலி போகவேண்டும், விசா போகவேண்டும், அழுதுகொண்டு விமானம் ஏறவேண்டும் என்று கேட்டேன். ஏசி குழாய்க்குள் தலையை விட்டு வேலை செய்யும்போதும் அதுதான் ஜெபம். ஆனாலும் ஒன்றும் நடக்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் சபையில் ஜெபப் பெட்டி இருக்கிறதே, அதில் பெயரை மட்டும்தான் எழுதிப் போடுவோம். விசாப் பிரச்சினை, நோய், குடும்பச் சண்டை எல்லாம் வெளியே பரவக் கூடாது என்று நம் பெரியவர்கள் வைத்த வழக்கம். நான் 'சகோதரி லில்லி' என்று எழுதிப் போட்டேன். காரியம் ஆண்டவருக்குத் தெரியும். நாற்பது குடும்பத்தின் ஜெபமும் அவர் தலையில் இடியாக இறங்கட்டும் என்று நினைத்தேன்.

ஜெபத்தை நடத்தும் சாமுவேல் அண்ணன் அந்தப் பெயரை வாசித்தார். சபை முழுவதும் கையை உயர்த்தியது. "இந்த சகோதரிக்குச் சுகம் கொடும், பெலன் கொடும், நீடிய ஆயுசைக் கொடும்." என்னால் எழுந்து தடுக்க முடியுமா? அடுத்த வாரம் மூன்று சீட்டுப் போட்டேன். மூன்று மடங்கு ஆசீர்வதித்தார்கள். ஏழு வெள்ளிக்கிழமை இப்படியே போனது. ஜெபப் பட்டியலில் இருப்பவர்களுக்கு நீங்கள் வாழ்த்து அட்டை செய்வீர்களே, அதில் ஒன்று மேடத்துக்கும் போய்விட்டது. அதே மருத்துவமனையில் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர், தங்கள் லில்லி மேடம்தான் என்று கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்.

மேடம் செல்வராணியைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். சபைப் பெயரோடு 'உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம்' என்றிருந்த அட்டையை நீட்டினார். "யாரு சொன்னா ஒங்கிட்ட?" என்று கேட்டார். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. ஐந்து மாதமாக மேடத்துக்கு மார்பில் ஒரு கட்டி இருந்திருக்கிறது. கேன்சர் மருத்துவமனையில் இருந்துகொண்டே, பயத்தில் ஒருவருக்கும் காட்டவில்லை.

இதைக் கேட்டதும் நான் சந்தோஷப்பட்டேன். ஆண்டவர் அடித்துவிட்டார் என்று நினைத்தேன். சதை எடுத்துப் பார்க்கும் சோதனைக்குத் துணைக்கு வரும்படி மேடம் கூப்பிட்டிருக்கிறார் என்று இவள் சொன்னபோது, இதுதான் சமயம், கையெழுத்தை வாங்கிவிடு என்றேன். சீட்டு போட்டது நான்தான் என்றும் பெருமையாகச் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "ஒங்க சாபத்துக்கு நாப்பது குடும்பத்தையும் முட்டி போட வச்சீங்களா? ஊசி குத்திக்கிட்டுக் கெடக்குறவங்க கையில நான் பேனாவக் குடுக்க மாட்டேன்."

அபுதாபிக்குக் கடிதம் அனுப்பக் கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. இவள் கடிதத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். நான் வீட்டில் சாப்பிடாமல் கிடந்தேன். அப்போது எனக்கு மேடத்தின் மேல் மட்டும் இல்லை, ஆண்டவர் மேலும் கோபம்.

கட்டி கேன்சர்தான். ஆனால் சிறியது, பரவவில்லை. ஆபரேஷனுக்குப் போகிற காலையில், யாரும் கேட்காமலே, மேடம் செல்வராணியிடம் இழுப்பறைச் சாவியைக் கொடுத்துக் கடிதத்தை எடுத்துவரச் சொன்னார். படுக்கையில் இருந்தே கையெழுத்துப் போட்டார். கடைசித் தேதிக்கு முதல் நாள் அது.

மேடம் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பல நாள் அதற்காகக் காத்திருந்தேன். கடைசியில் நானே போனேன். அந்தப் பெயரை எதற்காக எழுதினேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவர் சிரித்தார்.

"அன்பா யாரும் எழுதியிருக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? ஆனா ஏழு வாரம் எம்பேரைச் சொன்னாங்கல்ல," என்றார்.

செல்வராணி ஆன்ட்டி படிப்பை முடித்து, இப்போது அபுதாபியில் நர்ஸ் பிராக்டிஷனர். வாந்தி எடுக்கிறவர்களை அவள் காத்திருக்க வைப்பதில்லை.

பிள்ளைகளே, யார் மேலாவது பல்லைக் கடிக்கிற கோபம் வந்தால் அதை ஆண்டவரிடமே கொண்டுபோங்கள். அழகாக மாற்றிக்கொண்டு போக வேண்டாம், இருக்கிறபடியே போங்கள். அவர் உங்களைத் துரத்தமாட்டார். ஆனால் நீங்கள் கேட்டதையே செய்வார் என்றும் நினைக்காதீர்கள். நான் கேட்டதை மட்டும் அவர் கொடுத்திருந்தால், இன்று என் மனைவியின் முகத்தை என்னால் பார்க்க முடியாது.