பவளத் தொட்டியும் புளித்த தண்ணீரும்

வீட்டுக்குள் கடல் வைத்திருப்பவர்களின் தொட்டியைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கடலை நான் பார்க்கிறேன், வீட்டை யார் பார்ப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

தொட்டி பார்க்கும் சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததில்லை. தொட்டியில் பவளம் வளரக் கால்சியம் வேண்டும். அதற்கு ஒரு ரியாக்டர்: பெரிய குழாய், உள்ளே செத்த பவளத் துண்டுகள். சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் குமிழ் குமிழாக விட்டால், குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் புளித்து அந்தத் துண்டுகளைக் கரைத்துக் கால்சியம் தரும். கேஸ் குறைந்தால் ஒன்றும் கரையாது. கூடினால் தொட்டியே புளித்து, பவளம் வாடிவிடும். இந்தப் புளிப்புக் கணக்குதான் பி.எச்.; அது ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம்.

எலுமிச்சை ஜூஸ்

இந்த மலையாள ஊரின் ஆரியசாலைக் கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் நம்மூர் அண்ணாச்சி ஒருவர் போன் செய்தார். "குமிழு நின்னுபோச்சுல்லா! பவளம் எல்லாம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு." போய்ப் பார்த்தேன். அப்போதுதான் நிரப்பிய சிலிண்டர், காலி. கேஸ் டியூப் வேறு ஈரமாக, எலுமிச்சை வாசனையோடு இருந்தது.

அவருடைய மச்சினன் அந்தக் கேஸில் விருந்தாளிகளுக்கு எலுமிச்சை சோடா போட்டிருக்கிறார். சிலிண்டர் வால்வை மூடவும் மறந்துவிட்டார். அண்ணாச்சி கத்தியதற்கு, மச்சினன் ரொம்ப நிதானமாகச் சொன்னார்: "மீனு தெனம் குடிக்கி. நாங்க ஒருநாள் குடிச்சாக் குத்தமா, அத்தான்?"

பஸ்ஸில் சிலிண்டர்

அந்தச் சிலிண்டரை நிரப்பிக்கொண்டு கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். கண்டக்டர் தடுத்தார். அடுப்பு கேஸ் இல்லை, பவளத்துக்கான கேஸ் என்று மலையாளத்திலும் தமிழிலும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பவளத்துக்கு கேஸ் டிரபிள்னா இஞ்சிச் சாறு கொடு சேட்டா, இந்த சிலிண்டர் குற்றியை இறக்கு."

நிச்சயதார்த்தம்

கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் ஓர் ஆடிட்டர். மகள் நிச்சயதார்த்தத்தன்று போனில் அலறினார். "பி.எச். இறங்கிண்டே இருக்கு, உடனே வாங்கோ!" ஓடினேன். கேஸை நிறுத்தினேன். அப்படியும் இறங்கியது. அவர் முகத்தில் ஈயாடவில்லை; அந்தப் பவளங்களை அவர் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவர்.

அப்புறம்தான் சுற்றிப் பார்த்தேன். கதவு, ஜன்னல் எல்லாம் மூடி ஏசி ஓடுகிறது. கூடம் நிறைய சொந்தக்காரர்கள். "சார், இவ்வளவு பேர் விடற மூச்சும் அதே வாயுதான். ஜன்னலைத் திறக்கணும்" என்றேன்.

மனுஷர் பாய்ந்து எல்லா ஜன்னலையும் திறந்தார். வெக்கை உள்ளே புகுந்தது. பட்டுப்புடவைகள் விசிற ஆரம்பித்தன. சம்பந்தி மாமி காரணம் கேட்க, இவரும் உண்மையையே சொல்லிவிட்டார். பி.எச். மெல்ல ஏறியது, கூடவே அவர் மனைவிக்குக் கோபமும் ஏறியது. "நிச்சயத்துக்கு வந்தவா மூச்சு விடறதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?"

அசையாத ஏழு

ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் விஜயன் சார், ரியாக்டரில் பி.எச். பார்க்கும் புரோப் குச்சியை வீடியோ பார்த்துத் தானே சரிபார்ப்பவர். ஒருநாள் பெருமையாகக் கூப்பிட்டார். "தம்பி, ஏழில் நிற்கிறது, அசையவேயில்லை. இப்படி ஒரு ஸ்டெடி கண்டிட்டுண்டோ, எங்கேயாவது பார்த்திருக்கியா?"

அசையாத பி.எச். உலகத்தில் கிடையாது. போனால், பவளமெல்லாம் சுருங்கிக் கிடக்கிறது. புரோப் ரியாக்டரில் இல்லை. சரிபார்க்கிற திரவம் இருந்த சின்னக் கப்பிலேயே நிற்கிறது. அந்தத் திரவத்தின் பி.எச். ஏழு. கேஸைத் திறந்து மூடும் மெஷினும் அதை நம்பி, புளிப்புப் போதவில்லை என்று கேஸை நிறுத்தாமல் விட்டுக்கொண்டிருந்தது.

கேஸை மூடினேன். தொட்டிக்குள் காற்றைக் குமிழியிட விட்டேன். புரோபை ரியாக்டரில் போட்டதும் எண் சரசரவென்று இறங்கியது. சாரும் நாற்காலியில் இறங்கினார். சாயங்காலத்துக்குள் பவளம் ஒவ்வொன்றாக விரிந்த பிறகும் அவர் கண் அந்த எண்ணிலேயே இருந்தது. "அதை அந்தக் கப்பிலேயே விட்டிருந்தா எனக்கு மனசமாதானம் உண்டாயிருக்குமே, தம்பி!"

தொட்டித் தண்ணீரைச் சரிசெய்யத்தான் எனக்குச் சம்பளம். தொட்டிக்கு வெளியே இருப்பவர்களைச் சரிசெய்வதெல்லாம் இனாம்.