மலைக்கோட்டை கிட்ட வந்த காலை

எனக்கு என் வீட்டுக்காரர் மேல் பொறாமை. பக்கத்து வீட்டுப் பட்டுப்புடவை மேல் வந்திருந்தாலாவது யாரிடமாவது சொல்லிப் புலம்பலாம். கட்டின புருஷனைப் பார்த்து வயிறு எரிகிறது என்று யாரிடம் போய்ச் சொல்ல?

நான் துவாக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறேன். அவர் மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகள் சிலவற்றுக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிறார். காலையில் நான் பஸ் பிடிக்க ஓடும்போது ஏழு வயது மகளும் ஐந்து வயது மகனும் அவர் முதுகில் தொங்கிக்கொண்டு டாட்டா காட்டுவார்கள். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி, நின்றுகொண்டே காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேர்வதற்குள் பிள்ளைகளின் அன்றைய கேள்விகள் எல்லாம் தீர்ந்து போயிருக்கும். எனக்கு மிச்சம் வைப்பது ஹோம்வொர்க்கும், வெட்ட வேண்டிய நகங்களும்தான்.

அதெல்லாம் லேசுப்பட்ட கேள்விகள் இல்லை. எறும்பு மழையில் நனைந்தால் துவட்டிக்கொள்ளுமா? ஃபில்டரில் டிகாக்‌ஷன் முதலில் வேகமாகச் சொட்டிவிட்டு அப்புறம் ஏன் சோம்பேறி ஆகிறது? பாதிக்கு மேல் என் பாடம். அந்த மனிதருக்கு அதில் ஒன்றும் தெரியாது. பத்தாவதோடு அறிவியலுக்குப் பெரிய கும்பிடு போட்டவர். இருந்தாலும் பிள்ளைகள் அவரிடம்தான் கேட்பார்கள். அவரும் வெட்கமே இல்லாமல், "தெரியலையே, வாங்க பாப்போம்" என்று எழுந்துவிடுவார். அட்டைப் பெட்டியில் கயிறு கட்டி அவர்கள் செய்த லிஃப்டில் பொம்மைகளுக்கு டிக்கெட் கிழிப்பவர் அவர். கயிறு அறுந்தால் ஊசி நூல் தேடி எடுத்துக் கொடுப்பது நான்.

போன மாதம் ஒருநாள் கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது வீட்டில் சத்தமே இல்லை. மூன்று பேரும் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்திருந்தார்கள். நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில். அதற்குள், காலையில் ஓடுவதற்கு முன் நான் அரைத்து வைத்துவிட்டுப் போன தோசை மாவு. பாட்டில் வாயில் மாட்டியிருந்த சிவப்பு பலூன் மெல்ல மெல்ல எழுந்துகொண்டிருந்தது.

"அம்மா, மாவு மூச்சு விடுதும்மா!" என்றான் சின்னவன்.

"மூச்சு இல்லடா. மாவு புளிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். அதுதான் பலூனை ஊதுது."

ஒரு தப்பும் இல்லாத பதில். மகள் "சரிம்மா" என்றாள். சின்னவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு டிவி பார்க்கப் போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து அவள் அப்பாவின் காதில் கிசுகிசுத்தது எனக்கும் கேட்டது.

"அப்பா, நாளைக்கு அடை மாவு மூச்சு விடுதான்னு பாப்போமா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவை வீணாக்கிவிட்டதாக அவரை ஒரு பிடி பிடித்தேன். வீணானது இரண்டு கரண்டி மாவு. கோபம் மாவுக்காக இல்லை என்று அவருக்கும் தெரியும்.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார். "நீ சொன்னது கரெக்ட்தான். அதுக்கப்புறம் பாக்கறதுக்கு அதுங்களுக்கு ஒண்ணும் இல்லாம போயிடுச்சு, அவ்வளவுதான்." சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார். கருக விட்டுக் கொடுத்தேன்.

ஆனால் அந்தப் பேச்சு மனதில் உட்கார்ந்துகொண்டது. தெரியாது என்று சொல்வதுதான் சூட்சுமம் என்றால், அதைச் சொல்ல எனக்கு மட்டும் வாய் இல்லையா? அடுத்த கேள்வி என்னிடம் வரட்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது. விடிய விடிய மழை கொட்டி ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் சின்னவனை வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு காய் வாங்கப் போயிருந்தார். மகள் மொட்டை மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அம்மா, மலைக்கோட்டை இன்னிக்கு ஏன் இவ்ளோ கிட்ட வந்திருக்கு?"

எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தென்னை மரங்களுக்கு மேல் மலைக்கோட்டை தெரியும். வெயில் நாளில் புழுதியில் மங்கி எங்கேயோ நிற்கும். மழை காற்றைக் கழுவி விட்ட மறுநாள், யாரோ இந்தக் கரைக்கு நகர்த்தி வைத்த மாதிரி பளிச்சென்று நிற்கும். பதில் என் நாக்கு நுனியில் வந்துவிட்டது. தூசி, ஈரம், ஒளிச் சிதறல். வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிற விஷயம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியலையே" என்றேன்.

என் கையைப் பிடித்து இழுக்கப் போகிறாள் என்று அடுப்பைக்கூட அணைத்துவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்கே தெரியாதா? சரி, அப்பா வரட்டும்."

"அப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சிடுமா?" என் குரல் உயர்ந்தே விட்டது.

"அப்பாவுக்கும் தெரியாது. ஆனா அப்பா மாடிக்கு வருவாருல்ல."

தெருமுனையில் அவர் வண்டியின் ஹாரன் கேட்டது. சின்னவன்தான் அடித்துக்கொண்டு வருவான். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் இந்தக் கேள்வியும் அவருடையது.

"நானும் மாடிக்கு வரேன்" என்றேன். பஸ்ஸில் உட்கார இடம் கேட்கும்போதுகூட எனக்கு அப்படி ஒரு குரல் வந்ததில்லை.

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பெற்ற தாயைச் சேர்த்துக்கொள்ள இவ்வளவு யோசனையா?

"சரி, வா. ஆனா எதுவும் சொல்லக் கூடாது."

வேகமாகத் தலையாட்டினேன். ஈரப் படிகளில் அவள் முன்னால் ஓட, நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினேன். மாடியில் கால் வைத்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தி, எங்கள் பக்கமாகத் தாழ் போட்டேன்.